குடிக்காத சர்க்காரின் தள்ளாட்டம்

1937-ல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். (முதலமைச்சருக்கு அப்போது அதுதான் பெயர், கேட்டாலே லேசாக ஏறும்.) பதவிக்கு வந்த சில மாதங்களில், அக்டோபர் 1-ஆம் தேதி, சேலம் மாவட்டத்தில் குடிக்குப் பூட்டுப் போட்டார். நம்மூர்க்காரர் பெரிய ஆளாகிவிட்டார் என்று சேலத்துக்காரர்கள் சந்தோஷப்பட்டதற்குக் கிடைத்த கூலி.

கள்ளுக்கடை போனதும் கஜானாவுக்குக் கை நடுக்கம் கண்டது. 1939-ல் விற்பனை வரி வந்தது. குடிகாரன் கட்டிவந்த பணத்தைக் கடைக்குப் போன புண்ணியவான் கட்டினான். அதே வருஷம் காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா. பிறகு வந்த கவர்னர் ஆட்சி, போர்க்காலத்தில் மதுவிலக்கைத் தூக்கிக் கடாசியது. வரியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டது. வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்.

1948-ல் பிரதமராக இருந்த ஓமந்தூரார் மாகாணம் முழுக்க மூடினார். வேலம்பட்டையும் வெல்லமும் பானைக்குள் போய், பானை ஆற்று மணலுக்குள் போனது. போலீஸ்காரர்கள் கம்பியால் மணலைக் குத்திக் குத்தி ஊறல் தேடினார்கள். காய்ச்சிய சரக்கு டியூபில் ஏறி, டியூப் இடுப்பில் ஏறியது. சேலைக்குள் டியூபோடு பஸ் ஏறியவளுக்கு, நிறைமாசமாச்சே என்று எழுந்து இடம்விட்ட மகராசன் எங்கிருந்தாலும் வாழ்க.

வசதியானவர்களுக்கு மணல் தோண்டும் வேலையில்லை. குடிக்காவிட்டால் இவர் உடம்பு தாங்காது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் பெர்மிட். தாகம் ஏழைக்கு வந்தால் கேஸ், பங்களாவுக்கு வந்தால் வியாதி.

1971-ல் கலைஞர் கடையைத் திறக்கப் புறப்பட்டார். தொண்ணூறு தாண்டிய ராஜாஜி, கொட்டுகிற மழையில் அவர் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மரியாதை கிடைத்தது, கடையும் திறந்தது. 1973-ல் கள்ளுக்கடையையும் அடுத்த வருஷம் சாராயக்கடையையும் கலைஞரே மூடினார். 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983-ல் மொத்த வியாபாரத்துக்கு டாஸ்மாக். 2003-ல் ஜெயலலிதா சில்லறைக் கடையையும் அதன் கையில் கொடுத்தார். கல்லாவில் சர்க்காரே உட்கார்ந்தது.

இதெல்லாம் எந்தச் சட்டப்படி என்கிறீர்களா? ராஜாஜி காலத்து 1937-ஆம் வருஷ மதுவிலக்குச் சட்டப்படி. கடைக்கும் பாருக்குமான விதிகள் அதன் கீழ்தான் வருகின்றன. மேற்பார்வை செய்வது மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை.