மொட்டைக்கழுத்தன்

எங்கள் வீட்டுச் சேவலைப் பார்க்கிற எவரும் அதன் உடல்நலத்தை விசாரிக்காமல் போனதில்லை. "அசனீபத, மாத்தயா?" என்று சைக்கிளை நிறுத்திக் கவலைப்படுவார் மீன்காரர். பால் கொண்டுவரும் தம்பிக்கு வேறு சந்தேகம்: "என்ன மாஸ்டர், சூப்புக்கு உரிக்கத் தொடங்கி இடையில விட்டுட்டீங்களா?"

நோயுமில்லை, சூப்புமில்லை. ஊர்க்கோழிகளுக்குள் மொட்டைக்கழுத்து ஒரு பழைய வர்க்கம். இன்று தேடித்தான் பிடிக்கவேண்டும். உச்சந்தலையில் கொஞ்சம் இறகு, அதற்குக் கீழே தோள் வரைக்கும் வெறும் சிவந்த தோல். 2011இல் ஸ்கொட்லாந்தின் ரொஸ்லின் நிறுவனத்தார், டொலி என்ற ஆட்டைப் பிரதியெடுத்த அதே இடத்துக்காரர்கள், இதன் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒரேயொரு மரபணு மாற்றத்தால் பி.எம்.பி.12 என்ற புரதம் அளவுக்கு மிஞ்சிச் சுரக்க, கழுத்தில் இறகு முளைப்பதே தடைப்பட்டுப் போகிறதாம். இறகு குறைந்தால் உடற்சூடு இலகுவாக வெளியேறும். மற்றக் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் வெக்கையிலும் இது தீன் பொறுக்கும். மட்டக்களப்பில் பிறந்திருந்தால் ராசா. விதி அதைக் கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில், கண்டியின் மார்கழிக் குளிருக்குள் கொண்டுவந்து விட்டது. கம்பளியில் ஒரு பட்டி பின்னட்டுமா என்று மனைவி கேட்டாள். கேலியா கரிசனையா என்று இன்னும் விளங்கவில்லை.

கோழியைப் பற்றிப் படித்தவர்களுக்கு இங்கே குறைவில்லை. பேராதனையில் மிருக வைத்திய பீடம், கன்னொறுவையில் ஆராய்ச்சி நிறுவனம், குண்டசாலைப் பக்கம் கரண்டகொல்லவில் கோழிக்கென்றே ஒரு நிலையம். அவர்கள் யாரும் வாய் திறப்பதில்லை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறவர்கள்தான் மஞ்சள் பூசு, வேப்பெண்ணெய் தடவு, நூல் கட்டு என்கிறார்கள்.

அரிய வர்க்கத்தைக் காப்பாற்றுவது கலியாணத் தரகர் வேலை. இரண்டு பக்கமும் மொட்டைக்கழுத்தாகப் பார்த்து, கம்புறுப்பிட்டி வரை விசாரித்து, பஸ்ஸில் பெட்டியோடு பெண் கொண்டுவந்தேன். மாப்பிள்ளை அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவன் கண் பக்கத்து வளவில் இருந்த, கழுத்து நிறைய இறகுள்ள சிவப்புப் பேட்டின் மேல். வேலியை உயர்த்தினேன், பலா மரத்தில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினான்.

மனிதர் விவகாரமென்றால் மறைக்கலாம். இந்த மரபணு ஆதிக்கக் குணம் கொண்டது. தகப்பனிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே கழுத்து மொட்டையாகிவிடும். தாயிடமிருந்தும் வந்தால் முழு மொட்டை. ஒன்று மட்டும் வந்தால் கழுத்தின் முன்பக்கம் அடியில் சிறு கொத்து இறகு மிஞ்சும். நம்முடையவன் முழு மொட்டை. ஆகவே அவனுக்குப் பிறக்கும் குஞ்சு ஒன்றுகூடத் தப்பாது.

இருபத்தொரு நாள் அடை முடிந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு கூடையைக் கொண்டுவந்து எங்கள் திண்ணையில் வைத்தார். உள்ளே இருந்த அத்தனைக்கும் மொட்டைக்கழுத்து, அத்தனைக்கும் அந்தச் சிறு கொத்து.

"மாஸ்டர், வேற சாட்சி வேணுமா?"

நான் ரொஸ்லின் நிறுவனத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை. அவருடைய மருமகன் கண்டி நீதிமன்றத்தில் சட்டத்தரணி. மாதம் அரை மூட்டைத் தீன் தாபரிப்பாகத் தருவதென்று திண்ணையிலேயே இணக்கமாகி, முதல் தவணையையும் கொடுத்துவிட்டேன். பிரதிவாதி அந்த நேரம் பலா மரத்தில் ஏறிக்கொண்டிருந்தான்.