சர்வ வல்லவனின் தனிமை

கேள்வி: இசெகாய் கதைகளில் வேற்றுலகம் போகும் நாயகனுக்கு அளவில்லாத சக்தி கிடைக்கிறதே, அப்புறம் எல்லாம் அவன் இஷ்டம்தானே?

பதில்: சிக்கலே அங்கேதான்! ‘ஓவர்லார்ட்’ தொடரின் நாயகன் ஆயின்ஸைப் பாருங்கள். தான் ஆடிய வீடியோ கேமின் 100ஆம் நிலை மந்திரவாதியாகவே வேற்றுலகம் போனவர். உள்ளே இருப்பதோ சாதாரண ஆபீஸ் ஊழியர். விழுந்து கும்பிடும் சேவகர்கள் முன் தோரணை குலையக் கூடாதே என்று ராஜநடையை ஒத்திகை பார்க்கிறார். கொஞ்சம் மூச்சுவிட, கறுப்புக் கவசம் மாட்டி ‘மோமோன்’ என்ற பெயரில் வெளியே கிளம்புகிறார். சேவகர்களில் ஒருத்தியான அல்பெடோ அவரை உயிராய்க் காதலிக்கிறாள். ஆனால் அந்த கேமில் அவளுடைய பாத்திரக் குறிப்பில் ‘அவரைக் காதலிக்கிறாள்’ என்ற வரியை எழுதிவைத்ததே அவர்தான்! குற்றவுணர்வில் அந்தக் காதலை ஏற்க முடியாமல் தவிக்கிறார். மறுக்க வழியில்லாதவர் தரும் அன்பு, நம் அதிகாரத்தின் எதிரொலி மட்டுமே. ‘முடியாது’ என்று முகத்துக்கு நேரே சொல்ல நாலு பேர் இருந்தால்தான் ராஜாவும் சுதந்திர மனிதன்.