ஆங்கில வினைச்சொற்களின் செல்வாக்கும் தமிழ் மாணவர் படும் பாடும்: ஓர் ஆய்வு

1. நோக்கம்

பிள்ளைக்கு ஆங்கிலம் ஏன் வரமாட்டேன் என்கிறது என்பதற்கு இதுவரை மூன்று கோட்பாடுகள் முன்வைக்கப்பட்டுள்ளன. பையனுக்கு அக்கறை இல்லை என்பது தந்தையர் மரபு. வாத்தியார் சரியில்லை என்பது தாயர் மரபு. அஸ்திவாரமே ஆட்டம் என்பது ட்யூஷன் மாஸ்டர் மரபு. மூன்றையும் மறுத்து, குற்றவாளி ஆங்கில வினைச்சொல்லே என்று நிறுவ இக்கட்டுரை முயல்கிறது. எந்த வினை அதிகம் புழங்குகிறதோ, அதுவே விதிக்கு அடங்காது என்பது நம் கருதுகோள்.

2. கள ஆய்வு

களம்: மாலை நேர ட்யூஷன், மொட்டைமாடிக் கீற்றுக் கொட்டகை. கரும்பலகையில் வி1, வி2, வி3 என மூன்று பத்திகள். பிள்ளைகள் கோரஸாக ஒப்பிக்கிறார்கள். ‘கோ வென்ட் கான்’ நிதானமாகவே போகிறது. ‘கட் கட் கட், புட் புட் புட், ஷட் ஷட் ஷட்’ வந்ததும் சத்தம் தெருமுனையைத் தொடுகிறது. தப்பு விட வழியே இல்லாத இடத்தில் மனிதக் குரல் ஓங்கும் என்பது இதனால் பெறப்படும்.

அடுத்து வருகிறது ‘லை லே லெயின்’. கோரஸ் முணுமுணுப்பாகி, மாஸ்டர் மட்டும் தனியாக ஒலிக்கிறார். படுப்பதற்கு ‘லை’; படுத்ததற்கு ‘லே’. ஆனால் ‘லே’ என்று கிடத்துவதற்கும் ஒரு வினை உண்டு. அதன் இறந்தகாலம் ‘லெய்டு’. பொய் சொல்வதும் ‘லை’தான், அதற்கோ ‘லைடு’. நேற்று அவன் படுத்தானா, எதையாவது கிடத்தினானா, பொய் சொன்னானா என்று மாஸ்டர் விளக்கத் தொடங்கியதும் கடைசி வரிசையில் ஒருவனுக்குத் தாகம் எடுக்கிறது. ‘ரீட்’ என்பதன் குணம் வேறு. எழுத்தில் மூன்று பத்தியிலும் அச்சு மாறாது. வாய்தான் ‘ரீட் ரெட் ரெட்’ என்று மாற வேண்டும். எழுதச் சொன்னால் முழு மார்க், வாசிக்கச் சொன்னால் பூஜ்யம்.

3. தாய்மொழி மீதான வழக்கு

‘டிட் யூ வென்ட்?’, ‘ஐ டிடின்ட் வென்ட்’ ஆகிய இரண்டும் நம் முக்கியத் தடயங்கள். பழி வழக்கம்போல் தாய்மொழி மேல் விழுகிறது. முதல் வாக்கியத்துக்குத் தமிழ் பொறுப்பேற்கலாம்; ‘போனாயா’ என்பதில் இறந்தகாலம் வினைக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாவதில் தமிழ் நிரபராதி. ‘போகவில்லை’ என்னும்போது ‘போக’ எந்தக் காலத்தையும் காட்டுவதில்லை. ஆங்கிலம் கேட்பதும் அதைத்தான். வீட்டில் சரியாகச் சொல்பவன் வகுப்பில் சறுக்குவானேன்? அரும்பாடுபட்டு மனப்பாடம் செய்த ‘வென்ட்’டை, வாய்ப்புக் கிடைத்தும் சொல்லாமல் விட அவனுக்கு மனம் வருவதில்லை.

‘எஸ்’ விகுதிக்கு வருவோம். தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் நான்கையும் சுமக்கும். வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறார், வருகிறது என்று மூன்று வயதில் பிசகாமல் சொன்ன பிள்ளை, பதிமூன்று வயதில் ஒற்றை ‘எஸ்’ தடுக்கி விழுகிறது. ஆங்கிலத்தில் தாத்தாவுக்கும் ‘கம்ஸ்’, தாத்தா வளர்க்கும் நாய்க்கும் ‘கம்ஸ்’. மரியாதை தெரிந்த பிள்ளை தாத்தா விஷயத்தில் அந்த ‘எஸ்’ஸை விழுங்கிவிடுவதைப் பண்பாட்டுச் சான்றாகவே கொள்ள வேண்டும்.

4. முன்னோர் செய்த கைங்கரியம்

1653இல் ஜான் வாலிஸ் என்ற கணித அறிஞர் ஆங்கிலத்துக்கு ஓர் இலக்கணம் எழுதினார், லத்தீனில். ‘ஷல்’, ‘வில்’ தகராறைச் சட்டமாக்கியவர் இவர். தன்மையில் ‘ஷல்’ வெறும் எதிர்காலம், ‘வில்’ வாக்குறுதி அல்லது மிரட்டல். முன்னிலையிலும் படர்க்கையிலும் அப்படியே தலைகீழ். தண்ணீரில் தத்தளிப்பவன் இரண்டையும் மாற்றிக் கத்தியதால், சாக உறுதிபூண்டவன் என்று கருதிக் கரையில் நின்றவர்கள் பேசாமல் இருந்துவிட்டதாக ஆங்கிலேயரிடையே ஒரு பழைய நகைச்சுவை உண்டு. முடிவிலிக் குறியை 1655இல் கணிதத்துக்குக் கொடுத்தவரும் இதே வாலிஸ்தான். மாணவர் துயரத்தின் நீளத்தை அவர் முன்பே அளந்துவைத்திருந்தார் போலும்.

5. கருதுகோள் மெய்ப்பிக்கப்படுதல்

2007இல் ‘நேச்சர்’ இதழில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் விதிக்கு அடங்காத 177 வினைகளை எடுத்துப் பின்தொடர்ந்ததில், இன்றும் அடங்காமல் இருப்பவை 98. மற்றவை ‘எட்’ விகுதியிடம் சரணடைந்துவிட்டன. ‘ஹெல்ப்’ ஒரு காலத்தில் ‘ஹோல்ப்’ என்று மிடுக்காகத் திரிந்தது, இன்று ‘ஹெல்ப்டு’. புழக்கம் நூறு மடங்கு குறைந்த வினை பத்து மடங்கு விரைவாகப் பணிகிறதாம். அதிகம் புழங்கும் பத்து வினைகளான பி, ஹேவ், டூ, கோ, ஸே, கேன், வில், சீ, டேக், கெட் ஆகியவற்றில் ஒன்றுகூட இன்றுவரை பணியவில்லை.

இதைக் கோயில் வாசலில் நின்றால் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ‘வாக்’, ‘வாஷ்’, ‘குக்’ போன்ற சாமானியர்கள் ‘எட்’ அர்ச்சனைத் தட்டுடன் தர்ம தரிசன வரிசையில் நிற்கிறார்கள். ‘கோ’வும் ‘பி’யும் பக்கவாட்டுக் கதவு வழியாக நேரே கருவறைக்குப் போகிறார்கள். ‘கோ’வுக்கு இறந்தகாலம்கூடச் சொந்தமில்லை; ‘வென்ட்’ என்பது ‘வெண்ட்’ என்ற வேறொரு வினையிடமிருந்து எடுத்துக்கொண்டது. கேட்க ஆளில்லை. தமிழும் இதில் உத்தமம் இல்லை. ‘வா’, ‘தா’ இரண்டும் வந்தான், வருவான், தந்தான், தருவான் என்று இஷ்டத்துக்கு உருமாறுவதை நாம் கண்டுகொள்வதே இல்லை.

6. முடிவும் பரிந்துரைகளும்

அந்த 79 சரணாகதிகளில் ஒவ்வொன்றும் முதன்முதலில் யாரோ ஓர் ஆங்கிலேயர் வாயில் பிழையாகத்தான் பிறந்திருக்க வேண்டும். போதுமான பேர் போதுமான காலம் தப்பாகச் சொன்னதும் அது இலக்கணமாயிற்று. ஆகவே ‘டீச்சுடு’, ‘கேட்சுடு’ என்று எழுதும் நம் மாணவன் சில நூற்றாண்டுகள் முந்திப் பிறந்துவிட்டவன். விடைத்தாளில் அவனுக்குப் பாதி மார்க்காவது தரலாம்.

அடுத்துப் பணியக்கூடிய வினை ‘வெட்’ என்று அதே ஆய்வு கணித்துள்ளது. திருமணம் பற்றிய வினை என்பதால் அது அடங்கிப்போவதில் வியப்பில்லை. ‘பி’, ‘ஹேவ்’ இரண்டின் அரை ஆயுளோ 38,800 ஆண்டுகள். அரையாண்டுத் தேர்வு அதற்குள் வந்துவிடும் என்பதால், இவ்விரண்டையும் மனப்பாடம் செய்துவிடுவதே உசிதம்.