மருமவனே, தராசை எடுத்து ஓரமா வை

திங்கக்கிழமையிலருந்து சோத்தையே தொடமாட்டேன்னு சபதம் போட்டிருக்கியாம்ல மருமவனே? உங்கம்மா போன்ல சொல்லி மூக்கைச் சிந்துறா. அதென்ன கணக்கா திங்கக்கிழமை? ஞாயித்துக்கிழமை பிரியாணிக்கு ஏற்கெனவே சொல்லி வச்சாச்சோ? பவுன் நிறுக்குற ஆசாரி மாதிரி சமையக்கட்டுல ஒரு தராசை வச்சு வெண்டைக்காயை கிராம் கணக்குல நிறுக்கிறியாமே. நல்லது, நல்லது. செய்கூலி சேதாரம் எவ்வளவு போடுற?

கம்பு, குதிரைவாலி, சாமை, வரகுன்னு பை பையா வாங்கி அடுக்கியிருக்கன்னும் கேள்விப்பட்டேன். கோவில்பட்டிக்காரன் குதிரைவாலியை மெட்ராசுல கூரியர்ல வரவழைக்கிற காலம் இது. 2023-ஐ சிறுதானிய வருசம்னு ஐநா சபையே அறிவிச்சதாம். அந்தச் சேதி நம்ம கரிசக்காட்டுக்கு வந்து சேர்றப்போ கம்பு போட்ட நெறயக் காட்டுல மக்காச்சோளம்தான் நின்னுக்கிட்டிருந்துச்சு. எல்லாம் கோழித் தீவனத்துக்கு. கோழிக்கு நம்ம காடு, உனக்குக் கூரியர்!

அந்தக் காலத்துல கம்பங்கூழைக் குடிச்சுட்டு நூறு வயசு இருந்தாகன்னு எவனோ மேடையில பேசுனதைக் கேட்டுட்டு வந்திருக்க. நான் சொல்றேன் கேளு. நாங்க கம்பு தின்னது அரிசி வாங்க வக்கில்லாம. நெல்லுச்சோறு தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான். 1951 வாக்குல இந்தியாவுல சராசரி ஆயுசே 32 வருசம். பச்சப்பிள்ளைகளையும் காலரா, அம்மை கொண்டுபோனதையும் சேத்துத்தான் அந்தக் கணக்கு, ஒத்துக்கிறேன். ஆனா நூறு வயசு ஆளு ஊருக்கு ஒண்ணு இருந்தாலே பெருசு. அந்த ஒத்த ஆளும் விடியுமுன்ன கமலை இறைச்சான், பகலெல்லாம் உழுதான், சந்தைக்கு நடந்தே போனான். நீ ரெண்டாவது மாடிக்கு லிஃப்டுக்குக் காத்துக் கெடக்க.

கம்பு, கேழ்வரகு மேல எனக்கு ஒரு கோவமும் இல்லப்பா. அதுகளுக்கு நீ சூட்டுற கிரீடத்தைத்தான் சொல்றேன். நூறு கிராம் அரிசியில மாவுச்சத்து 78 கிராம் இருந்தா, கேழ்வரகுலயும் 70-ஐ ஒட்டி வரும். நார்ச்சத்து அதுல கூட. சுண்ணாம்புச்சத்து நூறு கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல இருக்கு, அரிசி கிட்டக்கூட நிக்க முடியாது. அதெல்லாம் சரி. ஆனா நீ அதை மாவா நைசா அரைச்சு, கூழாக் காய்ச்சி, ரெண்டு கரண்டி நாட்டுச்சர்க்கரையையும் போட்டுக் கலக்குனா ரத்தத்துல சர்க்கரை ஏறாம என்ன செய்யும்? நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான் மருமவனே, வேட்டி கட்டியிருக்கு, அம்புட்டுத்தான். முழுசாச் சோறா ஆக்கித் தின்னு. கம்மஞ்சோத்தை உருட்டி மோர்ல கரைச்சு, சின்ன வெங்காயத்தை நறுக்குன்னு கடிச்சா, அதுக்கு ஈடு எதுவும் இல்ல.

இன்னொண்ணு. கம்பு மாவை மாசக்கணக்குல டப்பாவுல பூட்டி வைக்காத. அதுல எண்ணெய்ப்பசை உண்டு, சீக்கிரம் காறிப் போகும். திறந்ததும் மூக்குக்கே தெரியும். அப்பப்ப வேணுங்கிற அளவு திரிச்சுக்கோ. சாமை பளபளன்னு வெள்ளையா இருந்தா ஆசைப்பட்டு வாங்காத, தவிட்டை மில்லுலயே உருவிட்டான்னு அர்த்தம். அப்புறம் எடுத்த எடுப்புல மூணு வேளையும் சிறுதானியம்னு குதிச்சா வயிறு உப்பி, ஆபீசுல உன் பக்கத்து நாற்காலிக்காரன் லீவு போட்டுருவான். ஒருவேளையா ஆரம்பி, தண்ணியைக் கூடுதலாக் குடி.

வீட்டுல பாரு. உனக்கு ஒரு உலை, பிள்ளைகளுக்கு ஒரு உலை, உங்கம்மாவுக்குக் குழைய ஒரு உலை. புது சாப்பாடு உனக்கு, புது வேலை உன் பொண்டாட்டிக்கு. வரகை ஊறப்போட்டுக் கல்லு அரிக்கிற வேலையை நீ எடுத்துக்கோ. இல்லேன்னா ரெண்டாவது வாரமே அவ தோசையைச் சுட்டு முன்னால வப்பா, நீயும் சத்தமில்லாம தின்னுருவ.

நான் சொல்றது சின்ன வேலை. சோத்தை நிறுத்தாத, தட்டுல அதோட இடத்தைச் சுருக்கு. ஹைதராபாத்துல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல சொன்னதும் அதேதான்: தட்டுல பாதி காயும் பழமும். நம்ம தட்டுல சோறு குமிஞ்சு கெடக்கும், பொரியல் ஓரத்துல ஒரு சிட்டிகை இருக்கும். அதைத் திருப்பு. உப்பு நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன்தான். ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் அந்தக் கணக்குக்குள்ளதான் வரணும். கம்ப்யூட்டருக்குப் பக்கத்துல சாத்தூர் சேவு டப்பா ஒண்ணு வச்சிருக்கியே, நிறுக்கணும்னா முதல்ல அதை நிறு. நாலு டீக்கு எட்டு கரண்டி சீனி போகுதே, அதை எந்தத் தராசுல போட்ட?

விசேச வீட்டுக்குப் போனா பந்தியில உக்காந்து பக்கத்து இலைக்காரருக்குப் பாடம் நடத்தாத. தின்னுட்டு வா. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில 96 பேரை வச்சு ஆராய்ஞ்சு 2009-ல சொன்னாக: ஒரு பழக்கம் தானா வர சராசரி 66 நாள் ஆகுது, சிலருக்கு 18, சிலருக்கு 254 வரைக்கும் போகும், நடுவுல ஒரு நாள் தவறுனா ஒண்ணும் கெட்டுறாது. ஒரு நாள் பாயசத்துக்காக மறுநாள் பட்டினி கெடக்கிறவன்தான் மூணாம் நாள் மொத்தத்தையும் விட்டுட்டு புரோட்டாக் கடையில நிக்கிறான்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கிட்டிருந்தா மட்டும் இந்த மாமன் பேச்சைக் கேட்டுச் சோத்தைக் கொறைக்காத. மருந்து அளவு அப்படியே இருக்க, சோறு கொறஞ்சா சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழவும் கூடும். டாக்டரைக் கேட்டுட்டுச் செய்.

மூணு மாசம் கழிச்சு ஹெச்பிஏ1சி பரிசோதனை எடுத்து எனக்குச் சொல்லு. போன்ல நீ எங்கிட்ட என்ன கதை வேணும்னாலும் விடலாம். ஆனா முந்தின நாள் ராத்திரி பட்டினி கெடந்தாலும் அந்தச் சோதனையை ஏமாத்த முடியாது. அது ரெண்டு மூணு மாசச் சர்க்கரையைச் சேத்து வச்சுச் சொல்லும்.