கொடுங்கை நீங்கலாக

ஆவுடையார்கோவில் கடைத்தெரு டீக்கடையில், பெஞ்சின் ஓரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், ஆனால் எல்லார் பேச்சும் காதில் விழுகிற தூரத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ரெக்சின் பை, எதிரே ஸ்டாண்டு போட்ட எக்செல் வண்டி. “பழைய வீடு ஏதாச்சும் விலைக்கு...” என்று நீங்கள் டீ மாஸ்டரிடம் ஆரம்பித்தால், அவர் எழுந்து உங்கள் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிடுவார். வீட்டுத் தரகர். ஆனால் தரகர் என்று கூப்பிட்டால் முகம் சுண்டிப்போகும். “நான் கமிஷனுக்காகச் செய்யலண்ணே. ரெண்டு குடும்பத்துக்கும் நல்லது நடக்கட்டுமேன்னுதான்.” அந்த நல்லதில் பக்கத்துக்கு 2 சதவீதம் அவருக்கு.

அவர் கையில் எப்போதும் ஒரு வீடு இருக்கும். “சண்டைக்கு முந்தின வீடுண்ணே” என்பார். பங்காளிச் சண்டையைச் சொல்லவில்லை. அது பின்னால் வரும். இது இரண்டாம் உலகச் சண்டை. அறந்தாங்கியிலிருந்து மீமிசல் வரைக்கும் இந்தச் சீமையில் கப்பலேறிப் போனவர்கள் ஏராளம். பர்மாவிலும் மலாயாவிலும் சேர்த்த காசை ஊருக்கு அனுப்பி, திண்ணையும் முற்றமுமாக ஒரு வீட்டைக் கட்டிவிட்டுத்தான் மூச்சு விட்டார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். காசும் நின்றது, தேக்கும் நின்றது. ரங்கூனிலிருந்து பலர் கால்நடையாகவே ஊர் வந்து சேர்ந்தார்கள். ஆகவே ஒரு வீடு சண்டைக்கு முந்தியது என்றால் அதன் உத்திரம் பர்மாத் தேக்கு என்று அர்த்தம். தரகர் அகராதியில் இதற்கு அப்பீல் கிடையாது.

வீட்டைக் காட்டுவதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் தூண். விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டி, சத்தம் அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு கட்டைவிரல் நகத்தால் நிலைப்படியை லேசாகக் கீறி, “மோந்து பாருங்க” என்பார். எண்பது வருஷத்து அடுப்புப் புகையும் வௌவால் எச்சமும் கலந்து ஒரு நெடி வரும். “இதான்ணே ரங்கூன் வாசனை.” அடுத்தது சுவர். “கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் போட்டு அரைச்ச காரை. இந்தக் காலத்துச் சிமெண்டு இது கிட்ட நிக்குமா?” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பத்தை பெயர்ந்து அவர் தோளிலேயே விழும். பதறமாட்டார். எடுத்து உங்கள் கையில் வைப்பார். “பாத்தீங்களா, என்னா கனம்!”

வீட்டில் அறை ஒன்றுதான். அந்தக் காலத்தில் அது நெல்லும் இரும்புப் பெட்டியும் இருந்த இடம். புதுசாகக் கல்யாணமானவர்களுக்குச் சில நாள் ஒதுக்கித் தருவார்கள். மற்றபடி தாத்தா திண்ணையில், பெண்டுபிள்ளைகள் தாழ்வாரத்தில், சின்னப் பயல்கள் முற்றத்து நிலா வெளிச்சத்தில். இதை உங்கள் வீட்டம்மாவுக்கு விளக்க முடியாது. “ஒரே ஒரு ரூம்தானா?” என்று அவர் கேட்டுவிடுவார். தரகர் கோபுரம் இருக்கும் பக்கம் கையைக் காட்டுவார். “அம்மா, இந்த ஊர்ல ஆத்மநாத சாமி ஒத்தை ரூம்லதான் இருக்காரு. அதுலயும் உருவம் கிடையாது, ஆவுடையார் மட்டும்தான். யோகாம்பாள் சன்னதியில பாதம் மட்டும்தான். அவுகளுக்கே அவ்வளவுதான் எடம் தேவைப்பட்டிருக்கு. உங்களுக்கு எதுக்கும்மா அதுக்கு மேல?” இதற்குப் பதில் சொன்னால் நாத்திகர் ஆகிவிடுவோமோ என்று வீட்டம்மா பேசாமல் இருந்துவிடுவார்.

ரெக்சின் பையில் ஒரு சின்னத் திசைகாட்டி இருக்கிறது. வீடு கிழக்கோ வடக்கோ பார்த்திருந்தால் அது வெளியே வரும், முள் நடுங்கி நிற்பதை எல்லாருக்கும் காட்டுவார். தெற்கு பார்த்த வீட்டில் அது பைக்குள்ளேயே தூங்கும். நீங்களாகக் கண்டுபிடித்து, “தெற்கு வாசலா?” என்று இழுத்தால், அதற்காகவே காத்திருந்தவர்போல நிமிர்வார். “இந்தத் திருப்பெருந்துறையில வந்து நின்னுக்கிட்டு இந்தக் கேள்வி கேக்கலாமாண்ணே? சாமியே தெற்குப் பார்த்துத்தான் உக்காந்திருக்காரு. முன்னால நந்தி உண்டா? கொடிமரம் உண்டா? எந்த வாஸ்துவைப் பார்த்துக் கட்டினாரு மாணிக்கவாசகரு?” ஊருக்கு ஊர் தரகர் உண்டு. தெற்கு வாசல் வீட்டுக்குத் தெய்வத்தையே முன்னுதாரணமாகக் காட்டும் வசதி இந்த ஊர்த் தரகருக்குத்தான்.

அக்கம்பக்கத்தையும் அவர் சும்மா விடமாட்டார். மீமிசல் கடற்கரை எக்செல் வண்டியில் போனால் இடுப்பு விட்டுப்போகும் தூரம், அவர் பேச்சில் “சாயந்திரம் காத்து வாங்கிட்டு வர்ற தூரம்.” அறந்தாங்கி ரயில் நிலையம் பதினாலு கிலோமீட்டர் சுமார், “ரயில் சத்தம் தூக்கத்தைக் கெடுக்காது.” கோயிலில் புழுங்கலரிசிச் சோற்றை வடித்துப் படைகல்லில் சூட்டோடு கொட்டி, கீரையும் பாகற்காயும் வைத்து, எழும்புகிற ஆவியைத்தான் சுவாமிக்கு நிவேதனம் செய்கிறார்கள். அந்த ஆவி காலையில் இந்த வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டுத்தான் மேலே போகுமாம். ஜன்னல் கோயிலுக்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறதே என்று கேட்டால், “ஆவிக்கு ஏதுண்ணே திசை?”

பத்திரப் பேச்சு வரும்போதுதான் பங்காளிச் சண்டை உள்ளே நுழையும். ஒற்றை அறைக்குப் பதினோரு வாரிசுகள். ஒருவர் சிங்கப்பூரில் இருபதாவது மாடியில், ஒருவர் திருப்பூரில், ஒருவர் எங்கே என்று மற்றவர்களுக்குத் தெரியாது. பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சரிபங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இல் சட்டம் வந்ததிலிருந்து அத்தைமார் கையெழுத்தையும் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அதில் மூத்த அத்தை, ஊஞ்சல் பலகை தனக்கு என்று எழுதிக் கொடுத்தால்தான் பேனாவைத் தொடுவார். எந்த அத்தைக்கு எந்தக் கோபம், அது எந்தக் கல்யாணப் பந்தியில் ஆரம்பித்தது, யாரை அழைத்துப் போய்ப் பேசினால் இறங்கி வருவார், எல்லாம் தரகருக்கு அத்துப்படி. வக்கீல் ஆறு மாதம் நோட்டீஸ் விட்டு வாங்க முடியாத கையெழுத்தை, ஒரு சீப்பு வாழைப்பழமும் அரைக்கிலோ அல்வாவும் கொண்டுபோய் வாங்கி வந்துவிடுவார். இந்த ஒரு வேலைக்கே 2 சதவீதம் தகும் என்று எனக்கு உண்மையாகவே ஓர் எண்ணம்.

ரெக்சின் பையிலிருந்து ஜெராக்ஸ் கட்டு வெளிவரும். தாய்ப்பத்திரத்தில் ‘தஞ்சாவூர் ஜில்லா’ என்று இருக்கும். நீங்கள் புருவத்தைத் தூக்கினால், “1974 பொங்கலுக்குத்தான்ணே புதுக்கோட்டை மாவட்டம் பொறந்துச்சு. ஜில்லாதான் மாறுச்சு, வீடு அப்படியேதான் நிக்குது” என்பார். இது உண்மைதான். “வில்லங்கம் 1975-லேருந்து கம்ப்யூட்டர்ல எடுத்தாச்சு, துடைச்சு விட்ட மாதிரி இருக்கு.” இதுவும் உண்மையாக இருக்கலாம். வில்லங்கமெல்லாம் 1975-க்கு முந்தியது.

கடைசியாக, தயங்கித் தயங்கி, “மனை யாருது?” என்று கேட்பீர்கள். கோயிலூர்களில் கேட்டே தீரவேண்டிய கேள்வி இது. வீடு நம்முடையதாகவும் அடிமனை கோயிலுடையதாகவும் இருப்பது தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் காணும் சங்கதி. கோயில் சொத்தைக் கிரயம் பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு குறுக்கே நிற்கும். தரகர் உடனே புராணத்துக்குத் தாவிவிடுவார். முன்னூறு அந்தணர்களின் நிலத்தைக் குறுநில மன்னன் ஒருவன் பறித்துக்கொள்ள, இறைவனே கிழவராக வந்து அவர்களுக்காக வழக்காடி மீட்டுக் கொடுத்தார் என்பது இந்தத் தலத்தின் கதை. “சாமியே முன்னால நின்னு தீத்து வச்ச பூமிண்ணே இது. இங்க எவன் தகராறு பண்ண முடியும்?” கேட்க நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் சார்பதிவாளர் ஆதார் அட்டை இல்லாத சாட்சியை ஏற்றுக்கொள்வதில்லை.

செலவுக் கணக்கில் மட்டும் மனுஷன் சுத்தம். முத்திரைத் தீர்வையும் அதன் மேல்வரியும் சேர்த்து 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 2023 ஏப்ரலிலிருந்து இதுதான் நடப்பு என்று விரல் விட்டுச் சொல்வார். “வழிகாட்டி மதிப்பு பத்து லட்சத்துக்குள்ளதான் வரும். அம்மா பேர்ல பதிஞ்சா கட்டணத்துல 1 சதவீதம் குறையும்ணே, 2025 ஏப்ரல்லேருந்து.” அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த வீட்டம்மா முதல் முறையாக அவரைப் பார்த்துச் சிரிப்பார். வியாபாரம் அந்த இடத்தில் முடிந்தது. மிச்சம் பேசுவதெல்லாம் ஒப்புக்கு.

மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தைக் கோயிலில் போட்டது இந்த ஊரில்தான். அவரைக் காப்பாற்ற இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிப் போனார். ராத்திரியே அவை மறுபடி நரியாகி ஊளையிட்டன. தரகர் விற்ற வீடும் பத்திரம் பதிவாகும்வரை பரிதான். அன்று ராத்திரி மழை பிடித்தால் தெரியும். ரங்கூன் உத்திரத்தில் இரண்டு மட்டும் ரங்கூன், மற்றது பனை. பக்கத்து வீட்டுக்காரர் நடுச்சுவரில் பாதி தன்னுடையது என்பார். மின் இணைப்பு இன்னும் காலமான தாத்தா பெயரில் இருக்கும். போன் போட்டால் முதல் மணியிலேயே எடுப்பார். “அட, அதுக்கு நம்ம ஆளு ஒருத்தர் இருக்காருண்ணே.” கொத்தனார், சர்வேயர், மின்வாரியத்துக்கு நடக்கிறவர், எல்லாருக்கும் தனித்தனிக் கமிஷன்.

அந்தக் காலத்து ஸ்தபதிகள் கோயில் வேலைக்கு உடன்படிக்கை எழுதும்போது, ‘ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக’ என்று ஒரு வரி சேர்ப்பார்களாம். கருங்கல்லை மரப்பலகைபோல மெலிதாக்கி, குமிழ் ஆணியும் வரிச்சட்டமும் கல்லிலேயே செதுக்கிய அந்தத் தாழ்வாரக் கூரையை நிமிர்ந்து பார்த்தவர்களுக்கு அந்த வரி புரியும். தன் கைக்கு எது வராது என்பதை ஸ்தபதி வேலை தொடங்குமுன்னே எழுதிக் கொடுத்தார். நம் தரகருக்கும் நீங்கலாக உண்டு. அவர் அதை முன்பணம் கைமாறிய பிறகு, வாய்மொழியாக, ஒவ்வொன்றாகச் சொல்வார்: கிணற்றில் தண்ணீர் நீங்கலாக, கொல்லைக்குப் போகும் பாதை நீங்கலாக, ஊஞ்சல் பலகை நீங்கலாக, மாடிப்படியில் மூன்றாவது படி நீங்கலாக. கமிஷனை மட்டும் துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதிக் கையில் தருவார். அதில் நீங்கலாக எதுவும் கிடையாது.