டிராக்கண்ணன்

எண்ணூர் விரைவுச்சாலையில் லாரி எடைமேடை வைத்திருப்பவர்கள் எதற்கும் அசர மாட்டார்கள். முப்பது டன் இரும்பு வந்தாலும் கொட்டாவி விட்டபடிதான் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து வெளியே வந்ததை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். மேடைமேல் ஒரு பழைய மாருதி 800 நின்றிருந்தது. பின்சீட் இல்லை, கதவுக்கு உள்பக்க அட்டை இல்லை, ரேடியோ இருந்த இடத்தில் ஓட்டை. பெட்டியில் சிவப்பு எழுத்து 610 என்றது.

“அண்ணே, போன வாரமும் இதே அறுநூத்திப் பத்துதானே?”

“போன வாரம் ஹார்னு இருந்துச்சு. இப்ப கழட்டிட்டேன்.”

“ஹார்னு இன்னா வெயிட்டு வரும்?”

“முந்நூறு கிராம்.”

எடைமேடைக்காரர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “நம்ம மேடைக்குப் பத்து கிலோவுக்குக் கீழ கண்ணு தெரியாதுண்ணே. பொறந்த புள்ளயத் தூக்கியாந்து லாரித் தராசுல போட்டா அது இன்னா காட்டும்?”

இவர்தான் டிராக்கண்ணன். ராயபுரத்தில் ஒருவர், திருவொற்றியூரில் இருவர், எண்ணூர்ப் பக்கம் ஒருவர் என எனக்குத் தெரிந்த நாலு பேரைக் கலந்து ஒருவராகத் தருகிறேன். நாலு பேருக்கும் தொழில் வேறு. நோய் ஒன்று.

லாரித் தராசு கைவிட்டதும் அவர் காசிமேட்டுக்குப் போனார். தெரிந்த மீன்கடைத் தராசில் காரின் பந்தய இருக்கையை ஏற்றினார். “ஏழரை கிலோ. சுத்தம் பண்ணிக் குடுக்கவா?” என்று கேட்டாள் கடைக்கார அம்மா. அந்த இருக்கை இன்றைக்கும் மழை நாளில் மீன் வாசம் அடிக்கும். ஹெல்மெட்டுக்குள்ளும் அந்த வாசம் வருவதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருடைய சொந்த எடை தொண்ணூற்றெட்டு. அந்த ஜோக்கைத் தெருவில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள், அவர் மனைவி இரண்டு தடவை சொன்னார். நான் சொல்லப்போவதில்லை.

இப்படி ஓர் ஆள் வேறு எங்காவது பிறந்திருக்கலாம். வடசென்னையில் எல்லாமே கனம். கிரேன் கனம், கன்டெய்னர் கனம், காற்றும்கூட நிலக்கரித்தூளும் சாம்பலும் சேர்ந்து கொஞ்சம் கனம்தான். இருபதடிக் கன்டெய்னர் காலியாகவே இரண்டு டன்னுக்கு மேல். அப்பேர்ப்பட்ட ஊரில் மூன்று புல்லட்டை அடுக்கிய எடையில் ஒரு காரை வைத்துக்கொண்டு, அதிலும் இன்னும் என்ன கழற்றலாம் என்று ஸ்பேனரோடு நிற்கிறார் மனிதர். உப்புக்காற்றும் அவருக்குக் கூட்டாளி. ராத்திரி பகலாக அது காரை அரித்து இலவசமாக எடை குறைத்துக் கொடுக்கிறது. என்ன, அவர் சொல்லாத இடத்தில் குறைக்கிறது.

கேட்டால் சரித்திரம் பேசுவார். அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். லண்டனில் காலின் சாப்மன் என்ற இளைஞர் 1948இல் ஒரு பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்துப்போட்டுத் தன் முதல் காரைக் கட்டினார். லோட்டஸ் கம்பெனியின் கதை அங்கேதான் தொடங்குகிறது. எடையைக் குறை, மற்றதெல்லாம் தானே நடக்கும் என்பது அவர் வழி. அதே 1948இல்தான் இங்கே அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. அடுத்த ஆண்டு எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியே விட்டார்கள். “அங்கயும் ஆஸ்டின், இங்கயும் ஆஸ்டின். அவன் லோட்டஸுக்குப் போனான், நம்ம லேலண்டு லாரிக்குப் போனோம்” என்று அவர் பெருமூச்சு விடும்போது, எண்ணூரின் தலையெழுத்தே அன்றைக்கு ஏதோ ஒரு நட்டு மாறிப்போனதால் கெட்டது போல இருக்கும். திருவொற்றியூரைப் பற்றியும் ஒரு வழக்கு வைத்திருக்கிறார். எம்.ஆர்.எஃப். 1946இல் அங்கே ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத்தான் ஆரம்பித்தது. “நம்ம ஏரியாவுல செஞ்ச பொருள்லயே லைட் வெயிட்டு அதாம்பா. வுட்டுட்டானுங்க.” அந்த பலூன்காரர்கள்தான் பின்னாளில் பந்தய டயர் வரைக்கும் போனார்கள் என்று நான் சொன்னால், அது வேறு கணக்கு என்பார்.

2023இல் லோட்டஸ் இந்தியாவுக்கு வந்தது. கொண்டுவந்தது ஒரு மின்சார எஸ்.யூ.வி., ஏறக்குறைய இரண்டரை டன். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று வீட்டில் சொன்னார்கள்.

நோய் தொற்றிய இடம் சோழவரம். அவர் அப்பா திருவொற்றியூர் என்ஃபீல்டு கம்பெனியில் ஃபிட்டர். செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்ததில் 1950களிலிருந்தே பந்தயம் நடத்திவந்தார்கள். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை ஊரறிந்த விழாவாக்கியது. அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த பையனுக்குக் கார் ஞாபகமில்லை, சத்தம்தான் ஞாபகம். 1990இல் அதே கிளப் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டருக்கு முறையான ஓடுதளம் அமைத்தது. பந்தயத்துக்கு நல்லது. டிராக்கண்ணனுக்கு, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த குலதெய்வத்தை ஊருக்கு மறுகோடியில் கொண்டுபோய் வைத்த மாதிரி. அந்தக் காலத்தில்தான் கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை எடுத்து, ஒற்றை சீட்டுப் பந்தயக் கார் கட்டி, ஃபார்முலா மாருதி என்று பெயர் வைத்தார். காய்கறி வாங்கப் போகும் வண்டியின் எஞ்சின் பந்தயம் ஓடியது. 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயனும் ஆரம்பத்தில் ஓட்டியது அதைத்தான். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். டிராக்கண்ணன் வீட்டுப் பூஜை அலமாரியில் மூன்றாம் தட்டில், முருகனுக்குப் பக்கத்தில், பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு படம் இருக்கிறது. விருந்தாளிகள் தாத்தா என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ரோல் கேஜ் பற்றவைத்து, உள்ளே உரித்த காரை ரோட்டில் ஓட்டக் கூடாது. ஆகவே ஓடுதளத்துக்கு இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். குட்டியானையில் ஏற்றலாம் என்று முதலில் பார்த்தார். எடை தாங்கும், நீளம் போதாது. காரின் மூன்றில் ஒரு பங்கு வெளியே தொங்கியது. சரி, டிரெய்லர் செய்யலாம் என்று திருவொற்றியூர் வெல்டிங் பட்டறைக்குப் போனார். அங்கேதான் விதி சிரித்தது.

அந்தப் பட்டறைக்காரர் முப்பது வருஷமாகக் கன்டெய்னர் டிரெய்லர்களுக்குச் சேஸிஸ் பற்றவைப்பவர். “லைட்டா ஒண்ணு வேணும்” என்ற சொல் அவர் காதில் விழுந்தது, கைக்குப் போகவில்லை. பத்து நாள் கழித்து, காயலான் கடையில் கிடைத்த துறைமுக இரும்பில் ஒரு வஸ்து தயாராகியிருந்தது. குறுக்குச்சட்டம் ஒவ்வொன்றும் தொடை கனம்.

“வெயிட்டு இன்னாப்பா இருக்கும்?”

“தொள்ளாயிரம் கிலோ. மேல ரெண்டு யானைய ஏத்து, அசையாது.”

“நான் ஏத்தப்போறது அறுநூறு கிலோ.”

“அப்போ நாலு காரா ஏத்து.”

ஹார்னில் முந்நூறு கிராம் மிச்சம் பிடிக்கிறவர் தொள்ளாயிரம் கிலோவை வாங்கிக்கொண்டு வீடு வந்தார். அதற்கு ஆர்.சி. வாங்க அலைந்தது தனிப் புராணம், இங்கே வேண்டாம்.

இழுப்பதிலும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. டிரெய்லரும் காரும் சேர்ந்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, இழுக்கும் ஜீப்பின் கொக்கிமேல் இறங்க வேண்டும். பாரம் பின்னுக்குப் போனால் வேகம் பிடிக்கும்போது டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். அப்போது பயந்து பிரேக்கை மிதித்தால் ஜீப்பையும் திருப்பிப் போட்டுவிடும். ஆக்ஸிலேட்டரை மெல்ல விட்டு, ஸ்டியரிங்கை ஆட்டாமல் பிடித்துத் தானாக அடங்கவிட வேண்டும். இதை எங்கள் தெருவில் சாக்பீஸால் படம் போட்டு விளக்கினார். எல்லாரும் பரீட்சைக்குப் போகிற மாதிரி நின்றோம். எதிர்வீட்டு வாசலில் மீன்பாடி வண்டி துடைத்துக்கொண்டிருந்த பெரியவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “மாட்டு வண்டியில முன்பாரம், பின்பாரம்னு பாப்போமே, அத்தானே? பின்பாரம் ஜாஸ்தியானா நுகம் மேல தூக்கும். காரை ஒரு சாண் முன்ன தள்ளு நைனா.” ஒரு சாண் தள்ளினார்கள். சரியாக இருந்தது.

பெல்ட் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சக்கரத்துக்கு ஒன்றாக நாலு ராட்செட் பெல்ட். ஒவ்வொன்றையும் இறுக்கி, இரண்டு விரலால் வீணைத் தந்தி போலச் சுண்டிக் காது கொடுப்பார். தெருமுனை வரை போய் நிறுத்தி, இறங்கி, திரும்பவும் சுண்டுவார். கல்மண்டபத்தில் ஒரு தடவை, மணலியில் ஒரு தடவை. விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினாலும் முன்னே நாற்பதடி, பின்னே நாற்பதடி என்று கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில்தான் ஊர்ந்து போக வேண்டும். மேலிருந்து லாரி கிளீனர் எட்டிப் பார்த்து, “இன்னா தலைவா, வண்டி பிரேக் டவுனா?” என்பான். பழுதானதால் இல்லை, ஓட்டுவதற்காகத்தான் இழுத்துப் போகிறோம் என்று விளக்குவதை அவர் மூன்றாம் வருஷத்தோடு நிறுத்திவிட்டார். இப்போதெல்லாம் “ஆமாம்பா” என்று சொல்லிவிடுகிறார்.

இத்தனை வேகப் பைத்தியம் பிடித்தவர் ரோட்டில் எப்படி ஓட்டுவார் என்று நினைக்கிறீர்கள்? ராயபுரத்திலேயே மெதுவாக ஸ்கூட்டர் ஓட்டுகிறவர் அவர்தான். ஷேர் ஆட்டோ முந்தும், தண்ணி லாரி முந்தும், ஒருநாள் ஜவுளி மூட்டை ஏற்றிய சைக்கிள் முந்தியது. ஓடுதளத்தில் பின்னால் வேகமான கார் வந்தால், கையை வெளியே நீட்டி ‘இந்தப் பக்கமாகப் போ’ என்று காட்டுவது மரியாதை. அந்தப் பழக்கத்தில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஸ்கூட்டரிலிருந்து கை காட்டுவார். பின்னால் வரும் ஷேர் ஆட்டோ உடனே ஓரம் கட்டி, “டோல்கேட்டா? ஏறு” என்று நிற்கும். வீட்டுக்கு வந்தாலும் நேரே வண்டியை நிறுத்த மாட்டார். வேகமாக ஓட்டியபின் ஒரு சுற்று மெதுவாக ஓட்டிப் பிரேக்கை ஆறவிட வேண்டும் என்பது டிராக் விதி. முப்பதில் வந்த ஸ்கூட்டருக்கு என்ன ஆற இருக்கிறது? ஆனாலும் தெருவை ஒரு வலம் வந்துதான் ஸ்டாண்டு போடுவார். புதிதாகக் குடிவந்தவர்கள் பிரார்த்தனை என்று நினைக்கிறார்கள்.

கல்யாண வீட்டில் சாப்பிடும் வரிசை நீண்டால், வெளியே போய் நிற்கும் வண்டிகளின் டயர்ப் பக்கம் குந்தி உட்கார்ந்துவிடுவார். டயரில் பதித்திருக்கும் கடைசி நாலு எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். “2314. இருபத்திமூணாவது வாரம், ரெண்டாயிரத்திப் பதினாலு. மாப்பிள்ளை காரா இது? பொண்ணை இதுலயா ஏத்தப்போறாங்க?” பெண் வீட்டார் கலங்கிப் போய்விட்டார்கள். முகூர்த்தம் நடந்தது, பெண் டாக்ஸியில் போனாள்.

போன தடவை நானும் உதவிக்குப் போனேன். என் வேலை செங்கல் பிடித்துக்கொண்டு நிற்பது. அது எதற்கென்று பிறகு தெரிந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு முறைக்கு இருபது நிமிஷம் ஓட்ட விடுவார்கள். சக்கரத்து நட்டுகளை டார்க் ரெஞ்சில் ஒவ்வொன்றாக, எதிரெதிராக, ‘டிக்’ சத்தம் கேட்கும்வரை இறுக்கினார். ஹெல்மெட் போட்டதும் ஆளே மாறிவிட்டார், பேச்சு நின்றுவிட்டது. பக்கத்தில் கோடிக்கணக்கில் விலையுள்ள வெளிநாட்டுக் கார்கள் உறுமிக்கொண்டிருந்தன. நேர்ப்பாதையில் அவையெல்லாம் இவரை ஈயாக ஒதுக்கிவிட்டுப் போயின. வளைவுகளில் மட்டும், சோப்பு டப்பா மாதிரி அந்தச் சின்ன வண்டி ஏதோ ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டே வந்தது. எனக்கே எழுந்து விசிலடிக்கத் தோன்றியது. கையில் செங்கல்.

ஐந்தாவது சுற்றில் கையை உயர்த்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

“பெடல் பஞ்சாட்டம் உள்ள போவுது.” பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் குமிழி வரும், குமிழியை மிதித்தால் பிரேக் பிடிக்காது. ஒவ்வொரு தடவையும் ஆயிலை மாற்ற வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர். இந்தத் தடவை மாற்றவில்லை. ஆயில் மாற்ற வேண்டிய ஞாயிற்றுக்கிழமைதான் ஹார்னைக் கழற்றிக்கொண்டிருந்தார். ராயபுரத்துக் காற்று தன் வேலையைச் செய்திருந்தது.

ஹேண்ட் பிரேக் போடவில்லை. சூட்டில் பிடித்துக்கொள்ளும் என்று கியரில் நிறுத்திவிட்டுச் செங்கலைக் கேட்டார். சக்கரத்தடியில் வைத்தேன். பக்கத்துக் கொட்டகைப் பையன் ஒருவன், “இன்னொரு செஷன் இருக்கே அங்கிள், மெதுவா ஓட்டலாமே” என்றான்.

“மொதல்ல நிக்கணும்பா, அப்புறம்தான் ஓடணும்.”

மூன்று மாதச் சேமிப்பு, ஒரு ராத்திரித் தூக்கம், தொள்ளாயிரம் கிலோ இரும்பு, எல்லாம் ஐந்து சுற்றுக்கு. நான் முகத்தைப் பார்த்தேன். கவலையே இல்லை. நாலு பெல்ட்டையும் கட்டி, சுண்டிப் பார்த்தார். வழியெல்லாம் மூன்றாவது சுற்றில் முதல் வளைவில் என்ன செய்தார் என்பதை எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார். வளைவு அரை நிமிஷத்தில் முடிந்தது, விளக்கம் மணலிவரை வந்தது.

சாயங்காலம் எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது எதிரே மீன்பாடி வண்டி. தெரு இரண்டுக்கும் போதாது. ஜீப், டிரெய்லர், கார் எல்லாம் சேர்த்து ரிவர்ஸ் எடுப்பதென்றால் விடிந்துவிடும். பெரியவர் ஒரு கணம் பார்த்தார். வண்டியைப் பின்னால் தள்ளி, பெட்டிக்கடை ஓரமாக ஒடுக்கிக்கொண்டார். பிறகு இடது கையை முழுசாக வெளியே நீட்டி, ஒரு விரலால், இந்தப் பக்கமாக என்று காட்டினார்.

டிராக்கண்ணன் கையை உயர்த்தி நன்றி சொல்லிக் கடந்தார். வீட்டு வாசல் வந்தும் நிறுத்தவில்லை. இன்னொரு சுற்று இருந்தது.