இந்தா வருது, கேளு!

பாட்டு தொடங்கிப் பத்து விநாடி ஆவதற்குள் அவருடைய வலது கை மேலே எழுந்துவிடும். தேனி பழைய பேருந்து நிலையத்து டீக்கடையானாலும் சரி, கம்பத்தில் கல்யாணப் பந்தி முடிந்து வெற்றிலை போடும் திண்ணையானாலும் சரி, அந்தக் கை எழுந்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். "இந்தா வருது, கேளு" என்பார். வரப்போவது இரண்டாவது இடையிசையில் புல்லாங்குழல் ஓய்ந்து வயலின்கள் ஏறுகிற ஓர் இடம். அதற்கு இன்னும் ஒன்றரை நிமிடம் இருக்கிறது. அந்த ஒன்றரை நிமிடமும் அவர் சும்மா இருப்பதில்லை. வரப்போவது எப்பேர்ப்பட்டது, அதை வேறு எவனும் ஏன் போட முடியாது, அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரா இருந்தது, அத்தனை பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்ததல்லவா என்று விளக்கிக்கொண்டே இருப்பார். விளக்கத்தின் நடுவில் அந்த இடம் வந்து போய்விடும். "ப்ச், பேச்சுல விட்டுட்டமே" என்று நம்மையும் குற்றத்தில் கூட்டுச் சேர்த்துக்கொண்டு செல்போனில் பாட்டைப் பின்னால் இழுப்பார். விரல் தடித்த விரல். பாட்டு முதலிலிருந்து ஓடும். கை மறுபடி எழும்.

ஆகப் பெரிய சினிமாப் பாட்டு எதுவென்று தீர்ப்புச் சொல்லும் இந்தப் பெருமக்களைப் பற்றி என் வாதம் ஒன்றுதான்: ஊரிலேயே பாட்டைக் குறைவாகக் கேட்பவர்கள் இவர்களே. கடைசிச் சரணம் வரை அவர் போனதாகச் சரித்திரம் இல்லை. பல்லவியில் ஒரு நிறுத்தம், முதல் இடையிசையில் "இது கெடக்கட்டும்", இரண்டாவதில் மேற்சொன்ன கலவரம். அதற்குள் எதிராளி வேறொரு பாட்டைச் சொல்லியிருப்பார். அதை மட்டம் தட்டுவதற்காக அதையும் போட்டாக வேண்டும், அதுவும் பல்லவியோடு நின்றுபோகும். அதே சாயங்காலம் தேனியிலிருந்து குமுளி போகும் பேருந்தில் ஓட்டுநர் ஒரு பென் டிரைவைச் செருகிவிட்டு வாய் திறக்காமல் வண்டி ஓட்டுகிறார். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் தாண்டி மலையேறும்வரை ஒவ்வொரு பாட்டும் முழுசாக முடிந்தபிறகே அடுத்தது தொடங்குகிறது. சன்னலோரத்துப் பயணி அத்தனையையும் கேட்டுவிட்டார். எது பெரிசு என்றால் அவருக்குச் சொல்லத் தெரியாது. இது முடிந்தால் அடுத்து எது வரும் என்பது மட்டும் தெரியும்.

நம்மவரிடம் அளவுகோல் இருக்கிறதே என்று சிலர் பரிந்து பேசலாம். இருக்கிறது; ஒன்றுக்குப் பத்தாக இருப்பதுதான் சங்கடம். ராகத்தில் தோற்றால் தாளத்துக்குத் தாவுவார், தாளமும் கைவிட்டால் மண்வாசனை. போடியில் ஏலக்காயைச் சல்லடையில் சலித்து 8 மி.மீ., 7 மி.மீ. என்று தரம் பிரிப்பார்கள். யாருடைய காய் என்று பார்த்துச் சல்லடைக் கண் அகன்றுகொடுப்பதில்லை. நம்மவருடையது கொடுக்கும். 1976-ல் இளையராஜாவின் 'அன்னக்கிளி' வருமுன் இருந்ததெல்லாம் தாத்தா காலத்துப் பாட்டு, 1992-ல் 'ரோஜா' வந்தபின் எல்லாம் மிஷின் பாட்டு என்று இரண்டு பக்கமும் வேலி போட்டுவிட்டு, நடுவில் எது பெரிசு என்று தேடுவார். அவர் தேர்ந்தெடுக்கும் பாட்டைச் சொன்னால் போதும், எந்த வருஷம் பத்தாவது பரீட்சை எழுதினார் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

எல்லாம் தீர்ந்தால் கடைசி அஸ்திரம், "பி.பி.சி.யே சொல்லிருச்சு." 2002-ல் பி.பி.சி. உலக சேவை தன் எழுபதாம் ஆண்டை ஒட்டி, உலகின் தலைசிறந்த பத்துப் பாட்டுகளுக்கு நேயர்களிடம் வாக்குக் கேட்டது மெய். 'தளபதி' (1991) படத்தின் ராக்கம்மா பாட்டு நான்காவதாக வந்ததும் மெய். ஆனால் முதலாவதாக வந்தது அயர்லாந்துக்காரர்களின் தேசப்பற்றுப் பாட்டு, மூன்றாவது பாகிஸ்தானியருடையது, குயீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' பத்தாவது. அவரவர் ஊர்க்காரர்கள் கூடிப் போட்ட வாக்கு என்பது பட்டியலைப் பார்த்ததுமே விளங்கும். போகட்டும், பட்டியலை நம்புகிறவர் முழுசாக அல்லவா நம்ப வேண்டும்? ஐந்தாம் இடத்தில் இருப்பதும் ஒரு தமிழ்ப் பாட்டுதான், திருமலைச் சந்திரன் பாடியது. அதை அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நான்காவதையே சரியாகக் கேட்டாரா என்பதும் சந்தேகம். எழுதியவர் வாலி, நடுவில் அப்பர் தேவாரம் ஒன்று சுவர்ணலதா குரலில் வந்து மொத்தக் கூத்தையும் ஒரு கணம் கோயிலுக்குள் கூட்டிப்போகும். அந்த நேரம் பார்த்து நம்மவர் வயலினைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

ஒரு நியாயத்தை மறுக்க முடியாது. முழுப் பாட்டுக்கு யாருக்கும் பொறுமையில்லாத, துணுக்கைக் கேட்டதும் கட்டைவிரலால் தள்ளிவிடுகிற காலத்தில், ஒன்றரை நிமிடம் தள்ளி வரப்போகும் வயலினுக்காக இப்போதே கையைத் தூக்கி வைத்திருக்கிற ஆள் அவர் ஒருவர்தான். எப்போதாவது எதிராளி அசந்து, பேச்சும் தீர்ந்து, அந்த இடம் தடங்கலில்லாமல் வந்துவிட்டால் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அப்போது அவரிடம் எந்தத் தீர்ப்பையும் கேட்கத் தோன்றாது. பாவம், அது அடிக்கடி நடக்க அவரே விடுவதில்லை.

எங்க ஊர்ப் பாட்டு, எங்களுக்குப் பேச உரிமை இல்லையா என்பது அடுத்த வாதம். இருக்கிறது. இளையராஜாவின் பண்ணைப்புரம், பாரதிராஜாவின் அல்லிநகரம், வைரமுத்துவின் வடுகபட்டி மூன்றையும் டூவீலரில் அரைநாளில் சுற்றி வந்துவிடலாம். மூவரும் சேர்ந்த 'நிழல்கள்' (1980) படத்தில்தான் வைரமுத்துவின் முதல் திரைப்பாட்டே வந்தது. இத்தனை சின்ன வட்டாரத்துக்கு இது பெரிய பெருமைதான். ஆனால் நம்மவர் அதைப் பெருமையாக வைத்துக்கொள்ளாமல் பட்டாவாக மாற்றிக்கொள்கிறார், "அவுக எங்க ஊருண்டு தெரியும்ல?" என்றால் வாதம் முடிந்தது என்று பொருள். அந்தப் பட்டாவின் எல்லையை '16 வயதினிலே'யில் (1977) பார்க்கலாம். இசை பண்ணைப்புரம், இயக்கம் அல்லிநகரம், செந்தூரப்பூ பாட்டை எழுதிய கங்கை அமரனும் பண்ணைப்புரம். அந்தப் பாட்டுக்காகத் தேசிய விருது பெற்றவரோ அன்றைய குண்டூர் மாவட்டத்தில் பிறந்த எஸ். ஜானகி.

நம்மவருடைய தீர்ப்பில் இந்தப் பெயர் வராது. இதில் எனக்கு வேடிக்கையாக ஒன்றுமில்லை, கோபம்தான் வருகிறது. ஆந்திரத்திலிருந்து வந்து வேற்று மொழியின் வல்லின மெல்லினத்தைப் பழகிப் பாடிய அம்மாவுக்கு ஒரு வாக்கியம் கிடையாது. வரியை எழுதியவர், கண்ணாடி அறைக்குப் பின்னால் ஒலிப்பதிவு செய்தவர், தப்பினால் மறுபடி முதலிலிருந்து என்ற பயத்தோடு வாசித்தவர்கள், யாருக்கும் கிடையாது. பாட்டு ஒரே ஆள் காய்ச்சி இறக்கியது போலவும், அந்த ஆளுக்கு இவர் பங்காளி போலவும் பேச்சு. இவர் உயிரை விடுகிற வயலினையே எடுத்துக்கொள்ளுங்கள். இளையராஜாவின் குழுவில் வாசித்த வி.எஸ். நரசிம்மன் பெயரை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

"யாரு, நம்ம உத்தமபாளையமா?" என்பார்.